அஸ்திவாரக் குழி (வானம்) தோண்டுவதற்கு முன்: வீட்டு பிளானைத் திருத்தி முடிப்பது எப்படி?

இன்ஜினியர் கொடுத்த முதல் பிளானை வாட்ஸ்அப்பில் நாலு சொந்தக்காரர்களுக்கு அனுப்பிவிட்டு, மறுநாளே பூமி பூஜைக்கு நாள் பார்க்கக் கிளம்பிவிடுகிறோம். கட்டில் போட்டால் பீரோ திறக்காது, படியேறினால் தலை இடிக்கும் என்பதெல்லாம் சுவர் எழும்பிய பிறகுதான் தெரியவருகிறது. பிளானில் ஒரு கோட்டைத் தள்ளிப் போடச் செலவே கிடையாது. எழுப்பிய சுவரை இடித்துத் தள்ளிக் கட்டினால் செங்கல், சிமென்ட், கூலி, குப்பை அள்ளும் வண்டி வாடகை என்று ஒவ்வொன்றுக்கும் காசு.

இந்தக் கட்டுரைக்கு உதாரணமாக, தமிழ்நாட்டில் பலரிடம் இருக்கும் அரை கிரவுண்டு மனையை எடுத்துக்கொள்வோம்: 30 அடி அகலம், 40 அடி ஆழம், 1,200 சதுரடி, கிழக்கு பார்த்தது. கீழே இரண்டு படுக்கையறை, மாடி இப்போதோ பிறகோ. உங்கள் மனை வேறு அளவென்றால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். பிறகு மாற்றவே முடியாதவை முதலில் வருகின்றன, எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடியவை கடைசியில்.

1. மனையைப் பத்திரத்தோடு ஒப்பிட்டு அளந்துகொள்ளுங்கள்

கையில் இருக்க வேண்டியவை: கிரயப் பத்திரம், மூலப் பத்திரம், பட்டா, புல வரைபடம், வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அங்கீகார வரைபடம், காலிமனை வரி ரசீது. பட்டாவையும் புல வரைபடத்தையும் வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே எடுக்கலாம். வில்லங்கச் சான்று பதிவுத் துறை இணையதளத்தில் கிடைக்கும். கடன் வாங்குவதாக இருந்தால் எத்தனை வருடத்துக்கு வில்லங்கம் வேண்டும் என்று பேங்கில் கேட்டுக்கொண்டு போடுங்கள். 30 வருடம் கேட்பது சகஜம்.

பிறகு டேப் பிடித்து நான்கு பக்கத்தையும் அளக்க வேண்டும். அதோடு இரண்டு மூலைவிட்டங்களையும் அளப்பது கட்டாயம். 30-க்கு 40 மனை சரியான செவ்வகமாக இருந்தால் மூலைவிட்டம் இரண்டும் 50 அடி வரும். ஒன்று 50 அடி 8 அங்குலமும் மற்றது 49 அடி 4 அங்குலமும் வந்தால் மனை கோணலாக இருக்கிறது. செவ்வகம் என்று நினைத்து வரைந்த பிளானை அதில் மார்க் பண்ணும்போது ஒரு மூலையில் பக்கத்து மனைக்குள் போய் நிற்பீர்கள். அளவில் சந்தேகம் வந்தால் சர்வேயரை வைத்துக் கல் நட்டுவிட்டுத்தான் பிளான் பேச்சையே தொடங்க வேண்டும்.

இன்னொன்றையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள்: ரோட்டு மட்டம், கால்வாய் அல்லது பாதாளச் சாக்கடைக் குழியின் ஆழம், மின்கம்பம் நிற்கும் இடம், பக்கத்து வீட்டு ஜன்னல்கள் இருக்கும் இடம். இந்த நான்கும் இல்லாமல் வரையப்படும் பிளான் அரைகுறைதான்.

2. கட்டக்கூடிய இடம் எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள்

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி நான்கு பக்கமும் எவ்வளவு காலியிடம் விட வேண்டும் என்பது ரோட்டின் அகலம், மனையின் அகலம், கட்டடத்தின் உயரம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். உங்கள் உள்ளாட்சியில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முன்னால் 5 அடி, மற்ற மூன்று பக்கமும் 1 மீட்டர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அகலத்தில் 23 அடி 6 அங்குலமும் ஆழத்தில் 31 அடி 9 அங்குலமும் மிஞ்சும். சுமார் 746 சதுரடி. அதில் வெளிச்சுவரும் உள்சுவரும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுத்துக்கொள்ளும்.

"1,200 சதுரடி மனை, 1,000 சதுரடி வீடு" என்ற கனவோடு வருகிறவர்களுக்கு இந்த இடத்தில்தான் முகம் வாடும். வாடட்டும். காலியிடத்தை விழுங்கி வரையச் சொல்லாதீர்கள். அந்த 1 மீட்டர் சந்தில்தான் சாக்கடைக் குழாய், சேம்பர், ஏசி வெளி யூனிட், பெயின்ட் அடிக்கச் சாரம் எல்லாம் வர வேண்டும்.

3. வாஸ்துவை முதல் வரைவிலேயே பேசி முடியுங்கள்

நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது உங்கள் வீட்டு விஷயம். ஆனால் வீட்டில் யாராவது ஒருவர் பார்ப்பார் என்றால், பார்க்க வேண்டியது இப்போதே. ஈசானிய (வடகிழக்கு) மூலையில் தண்ணீர், அக்னி (தென்கிழக்கு) மூலையில் அடுப்பு, கன்னி (தென்மேற்கு) மூலையில் பெரிய படுக்கையறை, வாயு (வடமேற்கு) மூலையில் கழிவறை என்பது பொதுவான பிடிப்பு. மனையடி சாஸ்திரம் பார்க்கிறவர்கள் அறையின் உள்ளளவு 6, 8, 10, 11, 16, 17 என்று வருவதை விரும்புவார்கள். இந்த அளவு பூச்சுக்கு முன்பா பின்பா என்பதை ஜோசியரிடம் கேட்டு இன்ஜினியரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரே ஒருவரிடம் கேளுங்கள். மூன்று பேரிடம் கேட்டால் மூன்று பிளான் வரும். பில்லர் இடம் குறித்த பிறகு மாமா ஒருவர் கூட்டிவரும் வாஸ்து நிபுணர்தான் எல்லாவற்றையும்விட ஆபத்து.

4. மாடி யாருக்கு என்று முடிவு செய்யுங்கள்

படி வீட்டுக்குள்ளா வெளியிலா என்பது இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது. மாடியை வாடகைக்கு விடும் எண்ணம் துளி இருந்தாலும் படி வெளியிலிருந்து ஏற வேண்டும். பிள்ளைகள் மாடியில் படுப்பார்கள் என்றால் உள்ளே. "இரண்டுக்கும் வசதியாக" என்று கேட்டால் ஹாலையும் கெடுத்து வாசலையும் கெடுக்கும் ஒரு படிதான் கிடைக்கும்.

அதேபோல், அப்பா அம்மா கூட இருந்தால் கீழே ஒரு படுக்கையறையும், அதை ஒட்டிய பாத்ரூமும் அவர்களுக்கு என்று குறித்துவிடுங்கள். அந்தப் பாத்ரூம் கதவு 2 அடி 6 அங்குலம் போதாது. 3 அடி வைத்தால் பிற்காலத்தில் சக்கர நாற்காலி நுழையும்.

5. பிளானில் இருப்பது எந்த அளவு என்று கேளுங்கள்

"10-க்கு 10 அறை" என்று பிளானில் எழுதியிருக்கும். அது சுவரின் நடுக்கோட்டிலிருந்து நடுக்கோடு வரை என்றால், 9 அங்குலச் சுவரும் இரண்டு பக்கப் பூச்சும் கழித்து கையில் கிடைப்பது 9 அடி 2 அங்குலம். செங்கல் முகத்திலிருந்து முகம் என்றால் 9 அடி 11 அங்குலம். பாத்ரூமில் டைல்ஸும் சேரும். 4 அடி அகலம் என்று வரைந்தது ஒட்டி முடித்ததும் 3 அடி 10 அங்குலம்கூடத் தேறாமல் போகும். எல்லா அறைக்கும் பூச்சும் டைல்ஸும் முடிந்த பிறகான உள்ளளவை எழுதித் தரச் சொல்லுங்கள். தர மாட்டேன் என்கிற இன்ஜினியரை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

6. சாமான்களை வெட்டி வைத்துப் பாருங்கள்

கால் அங்குலத்துக்கு 1 அடி என்ற அளவில் பிளானைப் பெரிய தாளில் அச்செடுங்கள். அதே அளவில் அட்டையில் சாமான்களை வெட்டிக்கொள்ளுங்கள்: பெரிய கட்டில் 5-க்கு 6½ அடி, பீரோ அல்லது அலமாரி ஆழம் 2 அடி, மூன்று பேர் சோபா 6½-க்கு 3, ஆறு பேர் சாப்பாட்டு மேசை 5-க்கு 3, ஃபிரிட்ஜ் 2½-க்கு 2½, வாஷிங் மெஷின் 2-க்கு 2, பைக் 6½-க்கு 2½. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் சாமான்களை டேப் வைத்து அளந்தே வெட்டுங்கள்.

இப்போது 10-க்கு 10 படுக்கையறையில் கட்டிலை நீளவாக்கில் வையுங்கள். 6½ அடி போயிற்று. கால்மாட்டுச் சுவரில் 2 அடி அலமாரி. மீதி 1½ அடி. அலமாரிக் கதவு திறக்கவே அந்த இடம் பத்தாது, நடப்பது எங்கே? அதே அறையை 10-க்கு 11 ஆக்கினால் 2½ அடி கிடைக்கும், எல்லாம் சரியாகிவிடும். முடியாவிட்டால் தள்ளு கதவு அலமாரி, அல்லது அலமாரியைப் பக்கச் சுவருக்கு மாற்றுவது. இதை அட்டை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். பிளானில் இன்ஜினியர் வரைந்து வைத்திருக்கும் கட்டிலை நம்ப வேண்டாம், அறைக்கு ஏற்றபடி அது சுருங்கும்.

சமையலறையில் இரண்டு பக்கமும் மேடை போட்டால் 2 + 2 அடி போக நடுவில் குறைந்தது 3½ அடி, இருவர் சேர்ந்து சமைக்கும் வீடு என்றால் 4 அடி வேண்டும். அதாவது உள்ளகலம் 7½ முதல் 8 அடி. 7 அடியில் இரட்டை மேடை கேட்காதீர்கள். ஃபிரிட்ஜ் கதவு எந்தப் பக்கம் திறக்கும், மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் இடம் எது, அரிசி டிரம் எங்கே என்று தினமும் சமைக்கிறவர் தாளில் விரலை வைத்துக் காட்டட்டும். அவர் வாய் திறக்காமல் முடிவான சமையலறை உருப்பட்டதில்லை.

கார் நிறுத்த 9-க்கு 15 அடி குறைந்தபட்சம். 10 அடி அகலம் இருந்தால் கதவு திறந்து நிம்மதியாக இறங்கலாம். முன்னால் விட்ட 5 அடியும் நீளத்துக்கு உதவும். ஆனால் அதன்மேல் கூரை இழுக்கலாமா என்பதை விதி பார்த்துச் செய்யுங்கள். கேட் உள்பக்கம் திறந்தால் கார் மேல் மோதும். இடம் குறைவென்றால் தள்ளு கேட்.

7. மாடிப்படியை நீங்களே எண்ணிப் பாருங்கள்

பிளானில் அதிகம் தப்பு நடப்பது படியில்தான். இடம் பத்தாதபோது முதலில் சுருக்கப்படுவது அதுதான் என்பது காரணம்.

கணக்கு இது. கீழ்த்தளத் தரையிலிருந்து மாடித் தரை வரை 10 அடி 6 அங்குலம், அதாவது 126 அங்குலம். ஒரு படி 7 அங்குல உயரம் என்றால் 18 ஏற்றம். நடுவில் திரும்பும் படியில் ஒரு பக்கத்துக்கு 9 ஏற்றம். ஒன்பதாவது ஏற்றம் லேண்டிங்கில் (படி திரும்பும் இடத்துத் தட்டில்) முடிவதால் கால் வைக்கும் பலகை 8. ஒவ்வொன்றும் 10 அங்குலம் என்றால் 80 அங்குலம், 6 அடி 8 அங்குலம். லேண்டிங் 3 அடி. மொத்த நீளம் 9 அடி 8 அங்குலம். அகலம் 3 + 3 அடியும் நடுவில் 3 அங்குல இடைவெளியும் சேர்த்து 6 அடி 3 அங்குலம். படி தொடங்கும் இடத்தில் நிற்க இன்னும் 3 அடி.

உங்கள் பிளானில் படிக்கு 6-க்கு 8 அடிதான் இருக்கிறதா? லேண்டிங் போக மிஞ்சும் 5 அடியை எட்டால் வகுத்தால் பலகை 7½ அங்குலம். முழுப் பாதம் பதியாது. அதைச் சமாளிக்க லேண்டிங்கிலேயே முக்கோணப் படி வெட்டுவார்கள். இறங்கும்போது முதியவர்கள் சறுக்கும் இடம் அந்த முக்கோணம்தான். தினம் பெரியவர்கள் ஏறும் படி என்றால் 20 ஏற்றமாக்குங்கள். படி உயரம் 6.3 அங்குலமாக இறங்கும், நீளம் 10 அடி 6 அங்குலமாகக் கூடும்.

அடுத்தது படிக்கட்டுக்கு அடியில் டாய்லெட். லேண்டிங்கின் மேல்மட்டம் 63 அங்குலம். கான்கிரீட்டும் பூச்சும் 6 அங்குலம் கழித்தால் அடியில் 4 அடி 9 அங்குலம். அங்கே யாரும் நிமிர்ந்து நிற்க முடியாது. தரையைத் தாழ்த்தலாம் என்பார்கள், தாழ்த்தினால் கழிவு வெளியேற வாட்டம் (சரிவு) கிடைக்காது. லேண்டிங்கிலிருந்து மாடிக்கு ஏறும் இரண்டாவது படி வரிசையின் உயரமான பக்கத்தில் மட்டும் தலை இடிக்காத இடம் உண்டு. கதவும் வாஷ்பேசினும் அங்கே வந்து, கோப்பை தாழ்ந்த பக்கம் போனால் ஒருவேளை ஒப்பேற்றலாம். குறுக்குவெட்டுப் படம் வரைந்து காட்டச் சொல்லி, அங்குலத்தில் சரிபார்த்த பிறகு மட்டும் சம்மதியுங்கள். இல்லையென்றால் அந்த இடம் இன்வெர்ட்டருக்கும் செருப்புக்கும் போதும்.

8. அடித்தள உயரமும் வாசற்படியும்

ரோடு போடப் போட உயரும் என்பதால் எல்லாரும் 3 அடி உயர்த்தச் சொல்கிறோம். 3 அடிக்கு 6 அங்குலமாக 6 ஏற்றம், 5 பலகை. 12 அங்குலப் பலகை என்றால் வாசற்படியே 5 அடி நீளும். முன்னால் விட்ட காலியிடம் முழுக்கப் படிக்கே போய்விட்டது. படியைப் பக்கவாட்டில் திருப்புவதா, போர்டிகோவை ஒன்றரை அடியில் வைத்து அங்கிருந்து மூன்று படி ஏறுவதா என்பதை பிளானிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலிச் சாய்தளத்துக்கு 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். 3 அடிக்கு 36 அடி என்றால் இந்த மனையில் நடக்காது. ஒன்றரை, இரண்டு அடியோடு நிறுத்துவது பற்றி யோசிக்க வேண்டிய இடம் இது. மழைத்தண்ணீர் தேங்கும் தெருவென்றால் யோசனைக்கு இடமில்லை, உயர்த்தத்தான் வேண்டும்.

9. தண்ணீரும் கழிவும் போகும் வழி

பாத்ரூம்கள் ஒன்றையொன்று ஒட்டியோ, மேலும் கீழுமாகவோ, வெளிச்சுவரைத் தொட்டபடி வர வேண்டும். மாடிப் பாத்ரூம் கீழே ஹாலுக்கு மேல் வந்தால் பிற்காலக் கசிவு சோபாவின் மேல் சொட்டும். வீட்டின் நடுவில் மாட்டிக்கொண்ட பாத்ரூமுக்கு ஜன்னலும் கிடையாது, குழாய் அடைத்தால் தரையைத்தான் உடைக்க வேண்டும்.

4 அங்குலக் கழிவுக் குழாய்க்கு 40 அடிக்கு 1 அடி வாட்டம் கொடுத்துப் பாருங்கள். பின்பக்கப் பாத்ரூமிலிருந்து தெருவுக்குக் கொண்டுவரும்போது முன்னால் எவ்வளவு ஆழத்தில் வரும், தெருக் குழி அதைவிடத் தாழ்வாக இருக்கிறதா? முதல் பகுதியில் குறித்த ஆழம் இங்கே பயன்படும்.

சம்ப் (தரையடித் தண்ணீர்த் தொட்டி) 6-க்கு 6 அடி, தண்ணீர் நிற்கும் ஆழம் 5 அடி என்றால் சுமார் 5,100 லிட்டர் பிடிக்கும். கார் நிற்கும் இடத்துக்கு அடியில் வருமானால் மூடி ஸ்லாபின் கம்பி கணக்கு வேறு. இன்ஜினியரிடம் சொல்லாமல் மேஸ்திரியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். சம்பும் போர்வெல்லும் ஒரு மூலை என்றால் செப்டிக் டேங்க் அதற்கு நேரெதிர் மூலை. செப்டிக் லாரியின் குழாய் எட்டுமா என்பதையும் பாருங்கள். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் கட்டாயம், அதற்கான குழியின் இடமும் பிளானில் இருக்க வேண்டும்.

10. வெயில், காற்று, கதவு, ஜன்னல்

கிழக்கு பார்த்த மனையில் பின்சுவர் மேற்கு. வாஸ்துப்படி பெரிய படுக்கையறை வரும் தென்மேற்கு மூலைதான் மாலை வெயிலில் காயும் மூலையும். அந்த அறையின் மேற்குச் சுவரில் பாத்ரூமையோ அலமாரியையோ வைத்தால் சூடு நேரடியாக இறங்காது. மேற்கு ஜன்னலைச் சிறிதாக்கி, 2 அடி சன்ஷேடு கொடுத்து, பெரிய ஜன்னலைத் தெற்கில் வையுங்கள். அறைக்கு ஒரே சுவரில் இரண்டு ஜன்னல் இருப்பதைவிட, அடுத்தடுத்த சுவரில் ஒவ்வொன்று இருந்தால் காற்று ஓடும்.

கதவு நிலைக்கும் மூலைச் சுவருக்கும் இடையே 4 அங்குலமாவது விடச் சொல்லுங்கள். ஆனால் கதவுக்குப் பின்னால் அலமாரி வர வேண்டும் என்றால் அந்த இடைவெளி 2 அடிக்கு மேல் தேவை. ஜன்னல் எல்லாம் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரெதிரே வராமல் ஓர் அடி தள்ளிப் போடுங்கள், திரை போட்டே காலம் தள்ள வேண்டியதில்லை.

11. பில்லர் படம் வந்த பிறகு மறுபடி ஒரு தடவை

மண் பரிசோதனை செய்து, அதன்படி ஸ்ட்ரக்சுரல் டிசைன் போட்டதும் பில்லர்கள் பிளானில் வந்து உட்காரும். கரிசல் மண்ணென்றால் இதைத் தவிர்க்கவே கூடாது. 9-க்கு 12 பில்லர் 9 அங்குலச் சுவரோடு நீளவாக்கில் போனால் வெளியே தெரியாது. நாலரை அங்குலச் சுவரில் துருத்திக்கொண்டு நிற்கும், அலமாரி அளவு அங்கே அடிபடும். ஹாலில் 15, 16 அடிக்குப் பில்லர் இல்லாமல் கேட்டால் மேலே பீம் ஆழமாகத் தொங்கும். அட்டைச் சாமான்களை மறுபடி எடுத்து வைத்துப் பாருங்கள். மாடிச் சுவர்கள் கீழே பீமின் மேல்தான் உட்காருகின்றனவா என்றும் கேளுங்கள்.

12. செலவு, அனுமதி, கால அளவு

ஹால் ஆழத்தில் 1 அடி கூட்டினால் 23½ சதுரடி. ஒப்பந்த விலை சதுரடிக்கு 2,500 ரூபாய் என்றால் 58,750 ரூபாய், மாடியும் சேர்த்து 1,17,500. ஒவ்வொரு "சும்மா ஓர் அடி"யையும் இப்படிப் பெருக்கிப் பாருங்கள். சதுரடி விலையில் போர்டிகோ, படிக்கட்டின் மேல்கூரை, சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பிளான் கட்டணத்தில் எத்தனை திருத்தம் அடக்கம், ஸ்ட்ரக்சுரல், மின்சார, குழாய்ப் படங்கள் உண்டா என்பதையும் முன்பணம் கொடுக்கும் முன் பேசிக்கொள்ளுங்கள்.

2,500 சதுரடிக்கு மிகாத மனையில் 3,500 சதுரடி வரை, தரைத்தளமும் முதல் தளமும் உள்ள வீட்டுக்கு சுயசான்று முறையில் இணையவழியே உடனடி அனுமதி தரும் திட்டம் 2024 ஜூலையில் வந்தது. நம் உதாரண வீடு அதற்குள் அடங்கும். சீக்கிரம் கிடைக்கிறதே என்று அரைகுறைப் பிளானை ஏற்றிவிடாதீர்கள். விதிப்படி இருக்கிறது என்று சான்று சொல்வது நீங்கள், பொறுப்பும் உங்களுடையது. "அனுமதிக்கு ஒரு பிளான், கட்ட ஒரு பிளான்" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். பேங்கிலிருந்து தவணைக்குத் தவணை வந்து பார்ப்பார்கள். மாறுதல் இருந்தால் பணம் நிற்கும்.

முதல் வரைவிலிருந்து இறுதிப் பிளானுக்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள். வருடத்தில் வாஸ்து நாட்கள் எட்டுதான், ஆடியிலும் மார்கழியிலும் தொடங்கத் தயங்குகிறவர்களும் உண்டு. அதனால் நாளைக் குறித்துவிட்டு பிளானை அவசரப்படுத்துவது நடக்கிறது. நல்ல நாள் தப்பக் கூடாது என்றால் அன்று பூஜையைப் போட்டு மூலையில் ஒரு குழி வெட்டிக்கொள்ளுங்கள். ஜேசிபியை பிளான் முடிந்த பிறகு கூப்பிடலாம்.

இறுதிப் பிளானில் தேதியும் திருத்த எண்ணும் போட்டு, நீங்களும் இன்ஜினியரும் கையெழுத்திட்டு, பழைய பிரதிகளைக் கிழித்துவிடுங்கள். மேஸ்திரி கையில் மூன்றாவது திருத்தமும் கம்பி கட்டுகிறவர் கையில் ஐந்தாவது திருத்தமும் இருந்தால் பில்லர் இடம் மாறும். பிறகு மனையில் சுண்ணாம்புப் பொடியால் அறைகளைக் கோடு போட்டு, வீட்டில் எல்லாரையும் கூட்டிப்போய் நடக்க விடுங்கள். வெறும் தரையில் எந்த அறையும் சின்னதாகத்தான் தெரியும், அதைப் பார்த்துப் பயந்து அளவைக் கூட்ட வேண்டாம். கதவு எங்கே, கட்டில் எங்கே, படி எந்தப் பக்கம் ஏறும் என்பதை மட்டும் பாருங்கள். ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் பொடிக் கோட்டை அழிப்பதோடு நிறுத்தாமல் பிளானையும் மாற்றி, புதிய திருத்த எண் போட்டு, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு அனுப்பி, அவர் சரி என்ற பிறகு குழி வெட்டச் சொல்லுங்கள்.